அறிமுகம் கடைசியில்

திருநெல்வேலிப் பக்கத்தில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் கேட்கும் கேள்விகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் எந்த ஊர். அடுத்து எந்தத் தெரு. அப்புறம் யார் மகள், யார் பேத்தி. அதற்குப் பிறகு என்ன வேலை, எவ்வளவு சம்பளம், கல்யாணம் ஆகிவிட்டதா, ஏன் ஆகவில்லை. பெயர் கடைசியில் வரும். சில நேரம் வராமலே போகும். இன்னார் பேத்தி என்று ஆள் தீர்மானமாகிவிட்டபின் பெயர் எதற்கு?

ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் புதியவர்களோடு பேசுவது கடினம் என்று கேள்விப்பட்டவர்கள், இந்தக் கேள்விகள் என்னைப் பாடாய்ப் படுத்தியிருக்கும் என்று நினைப்பார்கள். எனக்கு அவை பிடிக்கும். வரிசை மாறாது. விடைகள் கைவசம் இருக்கின்றன. பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் 'எந்த ஊர் தாயி?' என்று தொடங்கினால், அடுத்த மூன்று நிமிடம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். கேள்விகள் தீர்ந்தபிறகுதான் சங்கடம். எல்லா விடையும் சொல்லியாகிவிட்டது, பஸ் வரவில்லை, அந்த அம்மாள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், இப்போது ஏதோ நடக்க வேண்டும். மற்றவர்களுக்கு அது தானாக நடக்கிறது. அந்த ஏதோ என்னவென்று இன்றுவரை யாரும் எனக்கு எழுதித் தரவில்லை.

தெருக் கேள்வியில் மட்டும் ஒரு சூட்சுமம் உண்டு. எந்தத் தெரு என்று கேட்டால் நான் தெருவைச் சொல்வேன். தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே, மாடி இல்லாத வீடு, பச்சைக் கதவு என்று அடையாளமும் சொல்வேன். கேட்டவர் முகத்தில் திருப்தி இருக்காது. 'அது சரி, அந்தப் பக்கம் யார் யாரெல்லாம் இருக்கிறார்கள்?' என்பார். நான் வீட்டு வரிசைப்படி சொல்லத் தொடங்குவேன். அவர் கேட்பது சாதியை என்று நான் கல்லூரிக்குப் போகும் வயதில் அண்ணன் சொல்லித்தான் தெரிந்தது. தெரிந்தபிறகும் வீட்டு வரிசையைத்தான் சொல்கிறேன். இப்போது அது வேண்டுமென்றே.

எனக்கு ஆட்டிசம் என்று தெரிந்தது முப்பது வயதைத் தாண்டியபின். முதலில் அண்ணன் மகனுக்குக் கண்டறிந்தார்கள். மருத்துவர் சொன்ன அடையாளங்களை மதினி ஒவ்வொன்றாக வாசித்தபோது, அம்மா கீரை ஆய்ந்துகொண்டே 'இதெல்லாம் இவளும் செய்ததுதானே, இவள் நன்றாகத்தானே இருக்கிறாள்' என்றாள். மதினிக்கு ஆறுதலாகச் சொன்னது அது. எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. அதுவரை எனக்கு இருந்த பெயர்கள் வேறு: சின்ன வயதில் கூச்ச சுபாவம், பள்ளியில் ஊமைக்கோட்டான், வேலைக்குப் போனபிறகு தலைக்கனம் பிடித்தவள். ஒரே நடத்தைதான். சம்பளம் வாங்கத் தொடங்கியதும் கூச்சம் கர்வமாகிவிடுகிறது.

மருத்துவர் கொடுத்த சீட்டில் ஆட்டிசத்தின் ஆங்கிலச் சுருக்கமாக ஏ.எஸ்.டி. என்று எழுதியிருந்தது. அம்பாசமுத்திரத்து அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவளுக்கு ஏ.எஸ்.டி. என்றால் நெல். இங்குள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்களுக்கு அந்த மூன்று எழுத்துகள்தான் அடையாளம். ஏ.எஸ்.டி. 16 என்றால் குட்டையாகப் பருத்த மணி, நான்கு மாதத்துக்குள் அறுவடைக்கு வந்துவிடும், கார்ப் பருவத்துக்குத் தோதானது. நான் எந்த எண் என்று மருத்துவரிடம் கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை. விளக்கினேன். கார், பிசானம் என்று இரண்டு பருவத்துக்கும் விளக்கினேன். நான் முடித்தபோது, அவருக்கு ஏதாவது சந்தேகம் மீதமிருந்திருந்தால் அதுவும் தீர்ந்திருக்கும்.

ஆட்டிசத்தை முதன்முதலில் விவரித்தவர்களில் ஒருவரான மனநல மருத்துவர் லியோ கேனர் 1943-ல் பால்டிமோரிலிருந்து எழுதிய கட்டுரையில் 11 குழந்தைகளைப் பற்றிச் சொன்னார். எட்டுப் பையன்கள், மூன்று பெண்கள். ஆட்டிசம் என்றவுடன் மனத்தில் வரும் படம் வெகுகாலம் அந்த எட்டுப் பையன்களின் படமாகவே இருந்தது. புடவை கட்டிக்கொண்டு ஆலைக்குப் போய்வரும் ஒருத்தி அதில் எங்குமில்லை. நம் நாட்டில் 1995-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசமே இல்லை. 2016-ல் வந்த சட்டத்தின் 21 வகைகளில் ஒன்றாக இடம்பெற்றது. இங்கே ஆட்டிசத்தை அளவிடப் பயன்படுத்தும் படிவத்தில் 40 இனங்கள் இருக்கின்றன. முதல் இனம் கண்ணோடு கண் பார்ப்பது. இரண்டாவது இனம் புன்னகை. மாப்பிள்ளை வீட்டாரும் அங்கேதான் தொடங்குகிறார்கள்.

பெண் பார்க்க வருவதைப் போன்ற ஒரு சந்திப்பை, ஆட்டிசம் உள்ள ஒருத்தியைத் திணறடிப்பதற்கென்றே யாராவது உட்கார்ந்து யோசித்தாலும் இவ்வளவு கச்சிதமாக அமைத்திருக்க முடியாது. வீடு நிறையப் புது முகங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். உடம்பில் பழக்கமில்லாத பட்டு, தலையில் பழக்கமில்லாத கனத்துக்குப் பூ. கையில் தட்டு, தட்டில் சூடான காபி. நடந்துகொண்டே நிமிர்ந்து பார்க்கவும் வேண்டும், நிமிர்ந்து பார்த்தது போலத் தெரியவும் கூடாது. ஒருமுறை வந்தவர்களில் பெரியவர் ஒருவர், 'என்னம்மா, எங்களைப் பற்றி ஏதாவது கேட்க வேண்டுமா?' என்றார். அதை நான் கேள்வியாக எடுத்துக்கொண்டேன். உங்கள் வீட்டில் எத்தனை பேர், ராத்திரி எத்தனை மணிக்கு டி.வி.யை அணைப்பீர்கள், பாத்திரம் தேய்க்க ஆள் வருமா, வந்தால் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். எனக்குத் தெரிய வேண்டியது அதுதான். ஒலியும் நேரமும் தெரியாமல் ஒரு வீட்டில் எப்படிப் போய் இருப்பது? மறுநாள் தரகர் வழியாகப் பதில் வந்தது. பெண் முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

முகம் கொடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மற்றவர்கள் நினைப்பது போல நான் கண்ணைப் பார்க்காமல் இருப்பது பயத்தாலோ அலட்சியத்தாலோ இல்லை. ஒருவர் பேசும்போது அவர் கண்ணைப் பார்த்தால் அவர் சொல்வது எனக்குக் கேட்பதில்லை. ஒலி வருகிறது, பொருள் வருவதில்லை. அவர் காதோரம் இருக்கும் சுவரையோ, அவர் கையில் உருளும் பேனாவையோ பார்த்தால் ஒரு சொல் விடாமல் மனத்தில் ஏறும். ஆக, எனக்கு முன்னால் இரண்டு வழிதான். கவனிப்பது போலத் தெரியலாம், அல்லது கவனிக்கலாம். புதியவர்களிடம் முதலாவதைச் செய்யச் சொல்லித்தான் எங்களை வளர்க்கிறார்கள். பழகியவர்களிடம் இரண்டாவதைச் செய்யலாம். புதியவர் எப்படிப் பழகியவராக ஆவது என்பதுதான் இதில் சிக்கல். நான் முதல் நாளில் அவர் சொன்ன ஒன்றையும் கேட்டிருக்க மாட்டேன்.

இதோடு எங்களில் பலருக்கு முகம் மனத்தில் நிற்பதில்லை. எனக்குக் குரல் நிற்கும், நடை நிற்கும், செருப்பு நிற்கும். செருப்பை மாற்றிவிட்டால் போச்சு. சுற்றிலும் நடக்கிற எதையும் தள்ளி வைக்க முடியாது என்பது இன்னொன்று. மின்விசிறியின் 'கடக் கடக்', அடுத்த அறைச் சீரியல் வசனம், எதிரில் இருப்பவர் பூசிய சந்தனம், அவர் என்னிடம் சொல்லும் சேதி, எல்லாம் ஒரே உரத்தில் வந்து விழும். கல்யாண மண்டபத்துக்குள் நுழையும்போது காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறேன். காருகுறிச்சி அருணாசலத்தைத் தந்த மண்ணுக்கு மூன்று ஸ்டேஷன் தள்ளிப் பிறந்துவிட்டு நாகஸ்வரத்துக்குக் காதைப் பொத்துகிறவள் நானாகத்தான் இருப்பேன். தள்ளி நின்று கேட்டால் எனக்கும் பிடிக்கும். தெருக்கோடி சரியான தூரம்.

அதனால் புதியவர்களைச் சந்திப்பதற்கு முன்னால் எங்களுக்கு ஒரு முன்தயாரிப்பு உண்டு. இன்னார் வருகிறார் என்றால் மதினியிடம் கேட்டு வைத்துக்கொள்வேன்: எத்தனை பேர், எங்கே உட்காருவார்கள், சாப்பாடு உண்டா, எப்போது கிளம்புவார்கள். கடைசிக் கேள்வி மிக முக்கியம். முடிவு தெரிந்தால் நடுவில் தாக்குப் பிடிக்கலாம். பேச வேண்டிய வாக்கியங்களைக் கிணற்றடியில் சொல்லிப் பார்ப்பேன். சிரிக்க வேண்டிய இடங்களில் சிரிப்பதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். மற்ற பெண்கள் எப்படித் தலையை அசைக்கிறார்கள், 'ஐயோ, அப்படியா!' என்பதை எந்த இடத்தில் போடுகிறார்கள் என்று பள்ளிக் காலத்திலிருந்தே பார்த்து மனப்பாடம் செய்தது. இப்படி மறைத்து நடந்துகொள்வதை ஆராய்ச்சியாளர்கள் அளக்கவும் செய்கிறார்கள். 2019-ல் வெளியான ஒரு வினாப்பட்டியலில் இதற்கென்றே 25 கேள்விகள் இருக்கின்றன. அதைப் படித்தபோது, என் கிணற்றடி ஒத்திகையை யாரோ பின்னால் நின்று பார்த்துவிட்டது போல வெட்கமாக இருந்தது.

ஒத்திகை பலிக்கும். அதுதான் அதில் மோசம். வந்தவர்கள் 'நல்ல பெண், கலகலப்பாகப் பேசினாள்' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நான் இரண்டு நாள் யாரோடும் பேச முடியாமல் கிடப்பேன். அவர்களுக்குப் பிடித்துப்போனது நான் ஆடிக்காட்டிய வேறு ஒருத்தியை. அடுத்த முறை அவர்கள் தேடி வருவதும் அவளைத்தான். அவளைத் திரும்பத் திரும்ப வரவழைக்க என்னால் முடிவதில்லை. ஆகவே அந்தப் பழக்கம் அப்படியே அறுந்துபோகும். இப்படி அறுந்தவை என்னிடம் நிறைய உண்டு.

இதில் பாதிப் பங்கு எதிரில் இருப்பவருடையது என்று எனக்குத் தைரியம் வந்ததற்குக் காரணம் டேமியன் மில்டன். அவர் பிரிட்டன்காரர், சமூகவியலாளர், ஆட்டிசம் உள்ளவர். 2012-ல் அவர் எழுதிய கட்டுரையின் வாதம் எளிமையானது: ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர் மனம் புரியவில்லை என்றே இதுவரை சொல்லிவந்தோம், மற்றவருக்கும் ஆட்டிசம் உள்ளவர் மனம் புரியவில்லையே, அதை ஏன் குறைபாடு என்று சொல்வதில்லை? இரு பக்கமும் தடுமாறுகிறார்கள், பழி ஒரு பக்கம் விழுகிறது. பெண் பார்க்க வந்த பெரியவருக்கு நான் எதற்காக டி.வி. நேரத்தைக் கேட்டேன் என்பது புரியவில்லை. அவருக்கு யாரும் சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை.

நோவா சாசனும் அவர் குழுவினரும் அமெரிக்காவில் செய்து 2017-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியாக என் வீட்டுக் கூடத்துக்குள் வந்தது. ஆட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் பேசும் சில நொடித் துண்டுகளை, யார் யார் என்று சொல்லாமல், பிறருக்குக் காட்டினார்கள். இவரோடு பேசுவீர்களா, இவர் பக்கத்தில் உட்காருவீர்களா என்று கேட்டார்கள். ஆட்டிசம் உள்ளவர்களுக்குக் குறைவாகவே சம்மதம் கிடைத்தது. சில நொடிதான், அதற்குள் தீர்ப்பு. படமாகக் காட்டினாலும், குரலை மட்டும் கேட்க வைத்தாலும் இதே கதை. ஆனால் அவர்கள் பேசியதை எழுத்தாக மட்டும் கொடுத்தபோது அந்த வேறுபாடு காணாமல் போய்விட்டது. சொன்ன விஷயத்தில் கோளாறு இல்லை. சொன்ன விதம் பிடிக்கவில்லை.

இதைப் படித்தபின் பல விஷயங்கள் விளங்கின. ஆலைக்கு நெல் அனுப்பும் வியாபாரிகளில் சிலரோடு எனக்கு வாட்ஸ்அப் வழியாக மட்டுமே பழக்கம். ஈரப்பதம், மூட்டைக் கணக்கு, லாரி எப்போது வரும் என்று தொடங்கி, அவர்கள் வீட்டுக் கல்யாணம், மூட்டு வலி வரைக்கும் எழுதுவார்கள். என்னைப் பற்றி நல்லபடியாகச் சொல்வார்கள். நேரில் வந்த ஒருவர் மட்டும், நான் கணக்குப் பேரேட்டிலிருந்து தலையெடுக்காமல் பதில் சொன்னதைப் பார்த்துவிட்டு, முதலாளியிடம் 'எனக்கு எழுதுகிற அந்த அம்மா இன்று லீவா?' என்று கேட்டாராம்.

நேரிலும் எனக்குச் சரிவருகிற ஓர் இடம் உண்டு. அது மொய் எழுதும் மேசை. வழக்கமாக ஆண்கள்தான் உட்காருவார்கள். சித்தப்பா மகன் கல்யாணத்தில் எழுத வேண்டியவர் வராமல் போகவே, கணக்கு எழுதுகிறவள்தானே என்று என்னை உட்கார வைத்தார்கள். அதிலிருந்து எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணமானாலும் நோட்டு என்னிடம் வந்துவிடும். பணத்தை வாங்கிப் பெட்டியில் போட ஒருவர், எழுத நான். வருகிறவர் ஊரைச் சொல்வார், பெயரைச் சொல்வார், தொகையைச் சொல்வார். தலையைக் குனிந்தபடியே இருக்கலாம். அங்கே குனிந்திருப்பதுதான் மரியாதை. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தால்தான் தப்பாக நினைப்பார்கள், தொகையை எடை போடுகிறாள் என்று. ஒரு முகூர்த்தத்தில் முந்நூறு பேரையாவது சந்தித்திருப்பேன், களைப்பே இல்லாமல். அந்த மண்டபத்தில் அவ்வளவு பேரோடு பேசிய வேறொருவர் இருக்க மாட்டார்.

மேசை வழியாக வருகிற பழக்கம் ஆழமானது என்று சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு அது அப்படித்தான் இருக்கிறது. வீரவநல்லூர்க்காரர் ஒருவர் எப்போதும் தன் பெயருக்கு முன்னால் இறந்துபோன அண்ணன் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்வார். கல்லிடைக்குறிச்சி ஆச்சி ஒருத்தி 101 ரூபாயைச் சேலை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து, முடிச்சை என்னையே அவிழ்க்கச் சொல்வாள். ஆலங்குளத்து அண்ணாச்சி 201-லிருந்து 1001-க்குத் தாவினார். வீட்டில் ஏதோ நல்லது நடந்திருக்கிறது. இவர்களில் பலருக்கு என் பெயர் தெரியாது. அடுத்த கல்யாணத்தில் மேசைக்கு வந்ததும் 'நம்ம பிள்ளைதான் எழுதுகிறாள்' என்பார்கள். மறுவீட்டில் சொதிச் சாப்பாட்டுக்கு எனக்குப் பக்கத்து இலையில் வந்து உட்காருவார்கள். பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி. இஞ்சித் துவையலை என் பக்கம் தள்ளுவார்கள்.

எனக்குச் சொல்ல இருப்பது இது ஒன்றுதான். உலகம் அறிமுகத்தை முன்னால் வைத்துப் பழக்கத்தைப் பின்னால் வைக்கிறது. எங்களில் பலருக்கு அது தலைகீழ். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஏதாவது ஒரு வேலையைப் பக்கத்தில் பக்கத்தில் இருந்து செய்துகொண்டிருந்தால் பழக்கம் வந்துவிடும். பழக்கம் வந்தபிறகு அறிமுகம் செய்துகொண்டால் போதும், அவசரமில்லை. எதிரெதிரே உட்கார வைத்து 'பேசுங்கள்' என்றால்தான் நாங்கள் மரமாகிவிடுகிறோம். கல்லிடைக்குறிச்சிச் சித்தி வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அப்பளம் தேய்க்கும்போது, எல்லோர் கண்ணும் பலகையில் இருக்கும்; பேச்சு அதுபாட்டுக்கு வரும், நிற்கும், மறுபடி வரும். இரண்டு பேச்சுக்கு நடுவில் இருக்கும் மௌனத்தை யாரும் நிரப்ப மாட்டார்கள். சின்னப் பெண்ணாக அங்கே நாள் முழுதும் உட்கார்ந்திருப்பேன். என்னை ஊமை என்று அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை.

எனக்கு இருக்கும் ஒரே நெருங்கிய தோழியும் இப்படித்தான் கிடைத்தார். ஆலை வேலைக்கு முன்னால் பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் இருந்தேன். காலையில் செங்கோட்டை - திருநெல்வேலி பாசஞ்சரில் அம்பாசமுத்திரத்தில் ஏறுவேன். அவர் சேரன்மகாதேவியில் ஏறுவார். ஒரே பெட்டி, எதிரெதிர் ஜன்னல். இருவரும் வெளியே பார்த்துக்கொண்டு வருவோம். அவர் ஏறும் முன்னால் நான் என் பையை எதிர் இருக்கையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். அவ்வளவுதான் நான் செய்தது. பிறகொரு நாள் மாலை திரும்பும் ரயிலில் நான் தாமதமாக ஓடி ஏறியபோது, என் ஜன்னலோரத்தில் அவர் கைக்குட்டையைப் போட்டு வைத்திருந்தார்.

ஒரு காலையில் பெட்டியின் அந்தக் கோடியில் ஏறிய இன்னொரு பெண்ணோடு அவர் கைகளால் பேசினார். நான் கண் வாங்காமல் பார்த்தேன். அந்நியர் இருவர் பேசுவதை அவ்வளவு நேரம் பார்த்தும் எனக்குக் களைப்பு வரவில்லை. காது கேளாதோருக்கான பள்ளிகள் பாளையங்கோட்டையில் நூறாண்டுக்கும் மேலாக இருக்கின்றன. அப்படி ஒன்றில் அவர் வேலை பார்த்தார். பேச்சு என்றால் வாய் என்று முடிவுகட்டாதவர் என்பதால்தானோ என்னவோ, என் மௌனம் அவரை உறுத்தவில்லை. பின்னாளில் அவர் சொன்னது வேறு விஷயம். சைகை மொழியில் கண்ணை விலக்குவது காதை அடைத்துக்கொள்வதற்குச் சமம், அங்கே நான் தேறமாட்டேன் என்றார். உண்மை. எனக்குச் சைகை கற்றுக்கொடுக்க முயன்று, நான் அவர் கையை மட்டும் பார்த்து முகத்தைப் பார்க்காததால் பாதி அர்த்தம் போய்விடுகிறது என்று கைவிட்டார்.

பெயரை எப்போது கேட்டுக்கொண்டோம்? ஜன்னலுக்கு வெளியே கார் அறுவடை முடிந்து, பிசான நாற்று நட்டு, அதுவும் கதிர் வாங்கிய சமயம். ரயில் தாமதமானால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளலாமே என்று போன் எண் வாங்கினார். எந்தப் பெயரில் பதிந்துகொள்வது என்று கேட்டார். அதற்குள் அவருக்கு எந்தப் பக்கம் தலைவலி வரும் என்று எனக்குத் தெரியும். நான் புதன்கிழமைகளில் ஏன் பேசுவதில்லை என்று அவருக்குத் தெரியும்.

ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் எப்படிப் பழகுவார்கள் என்று கேட்பவர்களுக்குத் தென்காசிப் பக்கத்துப் பையன் ஒருவனைச் சொல்வேன். அண்ணன் மகனைப் பயிற்சிக்கு அழைத்துப்போன இடத்தில் காத்திருந்தான். இருபது வயது இருக்கும். வணக்கம், நலமா, ஒன்றும் கிடையாது. 'உங்கள் ஊர் ஸ்டேஷனில் எத்தனை நடைமேடை?' என்று கேட்டான். சொன்னேன். மீட்டர் கேஜாக இருந்த எங்கள் பாதை 2012-ல் அகலப்பாதையானபோது எது எது மாறியது என்று திருநெல்வேலி முதல் தென்காசி வரை ஒவ்வொரு ஸ்டேஷனாகச் சொன்னான். அவன் முடித்ததும் நான் ஏ.எஸ்.டி. 16-ல் தொடங்கினேன். அவன் குறுக்கிடவில்லை. அவனுடைய நேரம் வந்ததும் நான் வாக்கியத்தின் நடுவில் இருந்தபோதே எழுந்து போய்விட்டான். நான் வருத்தப்படவில்லை, நானும் அப்படித்தான் எழுந்து போவேன். சமீபத்தில் ஒருவரோடு பேசி அவ்வளவு இளைப்பாறியது இல்லை.

இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கேத்தரின் கிராம்ப்டன் என்பவரின் குழு 2020-ல் வெளியிட்ட ஆய்வில், எட்டெட்டுப் பேராக வரிசையில் வைத்து ஒரு கதையை ஒருவர் மாற்றி ஒருவருக்குச் சொல்ல வைத்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த வரிசையிலும், இல்லாதவர்கள் மட்டுமே இருந்த வரிசையிலும் கதை ஒரே அளவு நின்றது. கலந்து வைத்த வரிசையில்தான் அதிகம் உதிர்ந்தது. பிறகு இன்னும் பெரிய அளவில் செய்து பார்த்தபோது அந்த வேறுபாடு தெரியவில்லை. கலந்த வரிசையும் மற்றவற்றுக்குச் சமமாகவே சொல்லி முடித்தது. எனக்கு இரண்டு முடிவும் சம்மதம். இரண்டிலும் எங்களுக்குச் சொல்லத் தெரியாது என்று வரவில்லை. ஆட்டிசம் உள்ள இருவரைச் சேர்த்து வைத்தால் உடனே ஒட்டிக்கொள்வார்கள் என்று நினைத்துக்கொள்ளவும் வேண்டாம். அடுத்த வாரம் அதே பையன் ஓயாமல் முனகிக்கொண்டிருந்தான். அது அவனுக்கு நிம்மதி, என் காதுக்கு ஆகாது. அவன் அந்தச் சுவரோரம், நான் இந்தச் சுவரோரம்.

எல்லோரும் என்னைப் போல ஒதுங்குகிறவர்கள் என்பதும் தவறு. லண்டனில் ஒரு பகுதிக் குழந்தைகளை ஆராய்ந்து லார்னா விங்கும் ஜூடித் கூல்டும் 1979-ல் எழுதியபோது மூன்று விதமாகப் பிரித்தார்கள்: யாரையும் அண்டாமல் விலகியிருப்பவர்கள், தானாகப் போகாமல், வந்தால் ஏற்றுக்கொள்பவர்கள், தானே போய்ப் பேசி, ஆனால் விநோதமாகப் பேசுகிறவர்கள். விங் ஒரு மனநல மருத்துவர், ஆட்டிசம் உள்ள மகளின் தாயும்கூட. நான் இரண்டாவது வகை. பன்னிரண்டு வயதாகும் அண்ணன் மகன் சந்தேகமில்லாமல் மூன்றாவது. பேசாமலே இருப்பவர்கள், எழுத்துப் பலகையிலோ செயலியிலோ சுட்டிக்காட்டிப் பேசுகிறவர்களும் எங்களில் உண்டு. அவர்களைச் சந்திப்பவர்கள் பக்கத்தில் நிற்கும் அம்மாவைப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். எனக்கு எரிச்சல் வருகிற சில விஷயங்களில் அது முதன்மை.

வெளியே சொல்வதா வேண்டாமா என்பதில் எங்கள் வீடு இரண்டாகப் பிரிந்திருக்கிறது. அம்மா, வேண்டாம் என்கிறாள்; அண்ணன் மகனுக்கு ஒரு தங்கை இருக்கிறாளே, நாளைக்கு வரன் வரும்போது கேள்வி வராதா என்கிறாள். தங்கைக்கு ஆறு வயது. சாசனும் மாரிசனும் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், இன்னாருக்கு ஆட்டிசம் என்று பார்ப்பவரிடம் முன்பே சொல்லிவிட்டால் மதிப்பீடு மேம்படுகிறது என்று வந்தது. ஆட்டிசத்தைப் பற்றி ஏற்கெனவே அறிந்தவரிடம் இன்னும் நன்றாக. அமெரிக்க மாணவர்களிடம் கண்டது வரன் பார்க்கிற அத்தைகளிடம் செல்லுமா என்பது தனிக் கேள்வி. நான் நடுவில் ஒரு வழி வைத்திருக்கிறேன். ஆட்டிசம் என்ற பெயரைச் சொல்வதில்லை, செய்தியைச் சொல்லிவிடுகிறேன்: 'நான் உங்களைப் பார்க்காமல் பேசுவேன், கேட்டுக்கொண்டுதான் இருப்பேன். இரைச்சல் கூடினால் எழுந்து வெளியே போய்விட்டு வருவேன்.' பெரும்பாலானவர்கள் சரி என்று விட்டுவிடுகிறார்கள். நம் மக்கள் காரணம் தெரிந்தால் எதையும் பொறுப்பார்கள். காரணம் தெரியாவிட்டால் தாங்களே ஒன்றை உண்டாக்கிக்கொள்வார்கள், அது பெரும்பாலும் தலைக்கனம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக் கூடாது. சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிறவர்களுக்குப் புதிய ஆட்கள் ஆபத்தாகவும் வருவார்கள். தேனாகப் பேசுகிறவரின் பேச்சுக்கும் நோக்கத்துக்கும் இடைவெளி இருக்கலாம் என்பது எங்களுக்கு மூக்கில் ஏறாது, அறிவில் ஏற்றித்தான் தெரிய வேண்டும். நான் மூன்று விஷயத்தில் தோழியைக் கேட்காமல் எந்தப் புதியவருக்கும் சரி சொல்வதில்லை: பணம், தனியாக ஓரிடத்துக்கு வரச் சொல்வது, 'யாரிடமும் சொல்லாதே' என்று தொடங்கும் எதுவும். அண்ணன் மகனுக்கும் இதையே எழுதி மேசையில் ஒட்டியிருக்கிறோம். நாலு பேரோடு பழகினால் சரியாகிவிடுவான் என்று அவனைக் கூட்டத்துக்குள் தள்ளிவிடச் சொல்லும் சொந்தக்காரர்கள் இந்தப் பக்கத்தை யோசிப்பதே இல்லை.

அவனிடம் என் கொள்கையைச் சொல்லிப் பார்த்தேன். பழக்கம் முதலில், அறிமுகம் கடைசியில் என்று. அவனுக்கு ஒப்புதல் இல்லை. 'நீங்கள் ரொம்ப மெதுவாக இருக்கிறீர்கள் அத்தை' என்றான். அவன் யாரைப் பார்த்தாலும் நேரே போய், 'உங்கள் வண்டி என்ன மாடல், எந்த வருடம், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது?' என்று கேட்பான். முதலில் எல்லோருக்கும் சிரிப்பு வரும், பிறகு மைலேஜில் ஆரம்பித்து எஞ்சின் வரை அவன் நிறுத்தாமல் போகும்போது கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பத்தில் எட்டுப் பேர் நழுவிவிடுவார்கள். அவன் நழுவியவர்களை எண்ணுவதில்லை, ஒன்பதாவது ஆளிடம் போய்விடுவான். அப்படி நழுவாமல் நின்றவர்தான் மெயின் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அண்ணாச்சி. அவர் எந்த ஆய்வையும் படித்தவரில்லை. ஒருமுறைக்கு மூன்று கேள்விதான், மூன்று கேட்டபின் ஸ்பேனர்களை அளவு வாரியாக அடுக்க வேண்டும், அடுக்கி முடித்தால் மறுபடி மூன்று என்று ஒரு விதி போட்டிருக்கிறார். இவன் இப்போது கேள்விகளை வீட்டிலேயே யோசித்து, தேவையற்றதை அடித்துவிட்டு, நல்லதாக மூன்றை எடுத்துக்கொண்டு போகிறான். சனிக்கிழமை சனிக்கிழமை என்னைத்தான் ஒர்க்‌ஷாப்புக்குக் கூட்டிப்போகச் சொல்கிறான். நான் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அண்ணாச்சி இன்னும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. போன வாரம் பில் புத்தகத்தைக் கொண்டுவந்து மடியில் வைத்து, கூட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு இடத்தில் தப்பு இருந்தது.